ஐந்தாவது மீனும் அத்தையின் பல்செட்டும்

பல்லுக்காரருக்கு ஊரில் பாதிப் பேரின் வாய் தெரியும். முகம்தான் தெரியாது.

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஒரு ஜன்னலும் ஒரு தண்ணீர்க் குழாயும் உள்ள சின்ன அறையில் உட்கார்ந்து பல்செட் செய்வது அவர் வேலை. முன்னறையில் டாக்டர் எடுக்கும் அச்சு கதவு வழியாக உள்ளே வரும். இவர் மாவுக்கல் தூளைக் கரைத்து அதில் ஊற்றுவார், மெழுகில் ஈறு கட்டுவார், பல் பல்லாக எடுத்து நடுவார், ரோஸ் நிறப் பொடியைக் குழைத்து வேகவைப்பார். முடிந்த செட் அதே கதவு வழியாக வெளியே போகும். அதைப் போட்டுக்கொண்டவர் யார், என்ன சாப்பிட்டார், என்ன பேசினார் என்பதெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கத்துச் சமாசாரம். அதனால் பஸ்ஸில் யாராவது கொட்டாவி விட்டால் போதும், பல்லுக்காரர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார். "இது நம்ம கைவேலை" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். ஒருமுறை அப்படிப் பார்த்ததில் ஒரு அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். அதிலிருந்து அவர் மனைவி பஸ்ஸில் அவரோடு சேர்ந்து உட்காருவதில்லை.

நாளெல்லாம் மாவுக்கல் தூசியில் இருப்பதால் அவருடைய புருவம் எப்போதும் வெள்ளை. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் வேருக்குள் கொஞ்சம் தங்கிவிடும். ஐம்பதைத் தாண்டாத மனிதரைப் பார்த்து எதிரே வருபவர்கள் "பாத்துப் போங்க பெரியவரே" என்பார்கள். அவரும் பார்த்துப் போவார்.

இந்தத் தூசியை எல்லாம் மறப்பதற்கு அவருக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது, ஊருக்கு வெளியே இருக்கும் அணை. ஞாயிறு விடிந்தால் அங்கே இருப்பார். மற்ற மாதங்களில் சும்மா போய்வருவார். இலை உதிரும் காலம் வந்துவிட்டால் மட்டும் மனிதருக்குக் கால் தரையில் நிற்காது. அப்போதுதான் அணையில் தண்ணீரை இறக்குவார்கள். கரை பின்வாங்கி, நேற்றுவரை தண்ணீருக்குள் இருந்த கல்லும் கட்டையும் வெளியே வரும். மீன்களும் குளிர் வருவதற்குள் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று கிடைத்ததையெல்லாம் விழுங்கும்.

அந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு. எத்தனை மீன், எவ்வளவு எடை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எத்தனை வகை என்பதுதான் பேச்சு. கெண்டை, ஜிலேபி, கெளுத்தி, விரால், விலாங்கு. ஒவ்வொரு வகை பிடிக்கும்போதும் கரைக் காவலர் வந்து பார்த்து, சட்டைப் பொத்தானில் ஒரு நிற நூலைக் கட்டிவிட்டுப் போவார். ஒரே நாளில் ஐந்து நூலும் கட்டிக்கொண்டவர், அடுத்த வருஷம் தனக்கு வேண்டிய இடத்தை எல்லோருக்கும் முன்னால் எடுத்துக்கொள்ளலாம். பல்லுக்காரர் இதுவரை நான்கு நூலோடு எத்தனையோ தடவை வீட்டுக்கு வந்திருக்கிறார். விலாங்கு மட்டும் அவரை உறவு கொண்டாட விடவில்லை.

அவருடைய தூண்டில் சாமான்களும் வினோதமானவை. பல்செட் செய்து மிஞ்சிய ரோஸ் மாவை வீணாக்காமல், குட்டித் தவளையும் குட்டி மீனுமாகச் செய்து, வயிற்றில் கொக்கி வைத்து விராலுக்குப் போடுவார். யாருடைய ஈறுக்கோ குழைத்தது விரால் வாய்க்குள் போகும். கரையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். விரால்கள் சிரிக்காமல் கவ்வும்.

இனி மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த வருஷம் மீன் பருவத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அவருடைய பல்லும் இவருடைய விலாங்கும் ஒரே நாளில் வந்து மாட்டிக்கொண்டன.

மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் யாரோடு பேச வேண்டுமென்றாலும் அவர் குரலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றிருந்த காலம் அது. கோபத்தோடு கூப்பிடுகிறவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டால் "பரவால்லம்மா, காத்திருக்கேன்" என்பார்களாம். அந்த வருஷக் கோடையில் மிச்சமிருந்த பற்களையும் எடுக்க வேண்டி வந்தது. அதோடு பேச்சையும் எடுத்துவிட்டார். வாயைக் கையால் மூடிக்கொண்டு மகளிடம் மட்டும் நாலு வார்த்தை. மற்றபடி சாப்பாட்டு மேஜையில் ஸ்பூனால் தட்டுவதுதான். ஒரு தட்டு என்றால் மகள் வர வேண்டும். இரண்டு தட்டு என்றால் மாப்பிள்ளை.

வீட்டிலேயே பல்செட்காரர் இருக்கும்போது என்ன கவலை என்று எல்லோரும் சொன்னார்கள். பல்லுக்காரரும் அப்படித்தான் நினைத்தார். சின்ன வயது டாக்டர் முன்னால் வாயைத் திறக்க மாட்டேன் என்று மாமியார் பிடிவாதம் பிடித்ததால், சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து இவரே அச்சு எடுத்தார். முதல் செட்டை மாமியார் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மனைவி வந்து, "அம்மா வேணாங்கறாங்க" என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். பல் ரொம்ப வெள்ளையோ என்று நினைத்து, நிறத்தைக் குறைத்து இரண்டாவது செய்தார். அதற்கும் கதவு மூடிக்கொண்டது, திறந்தது, "வேணாங்கறாங்க." ஏன் என்று அவரும் கேட்கவில்லை, மாமியாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு மரியாதை.

ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டும் மைத்துனன்தான் கிண்டல் செய்தான். "அத்தான், உண்மையச் சொல்லுங்க. வேணும்னே இழுக்கறீங்கதானே? வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க."

"டேய், சும்மா இருடா" என்றார் பல்லுக்காரர். ஆனால் காது சிவந்துவிட்டது. அமைதி அவருக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

இழுக்க முடியாதபடி ஒரு காரியம் வந்தது. பழைய எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர்கள் எல்லோரும் ஒரு ஹாலில் கூடுகிறார்கள், கடைசி ஞாயிறு சாயங்காலம். மாமியார்தான் பேச வேண்டும் என்று எல்லோருமாக முடிவு செய்திருந்தார்கள். பல் இருந்தால் போவேன், இல்லாவிட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு என்று மகளிடம் சொல்லிவிட்டார் மாமியார். சொன்னபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார் என்று மனைவி இவரிடம் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு பல்லுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரிக்குள் மூன்றாவது செட்டை முடித்தார். ஒவ்வொரு பல்லையும் துளிச் சாய்த்து, ஒன்றை லேசாகத் தேய்த்து, உண்மையான வாய் போலவே செய்திருந்தார். கிளினிக்கின் நீலப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, "காலைல அத்தைகிட்ட குடுத்துடு" என்று மேஜைமேல் வைத்தார். விடிவதற்குள் மைத்துனன் வேனோடு வந்துவிட்டான். இருட்டில் தூண்டில் பையை எடுத்துக்கொண்டு, மேஜைமேல் கைக்குக் கிடைத்த பெட்டியையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். ரோஸ் தவளைகளையும் அவர் அதே மாதிரி நீலப் பெட்டியில் போட்டு, அதே மேஜைமேல்தான் வைத்திருந்தார் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். கிளினிக்கில் அந்தப் பெட்டி சும்மா கிடைக்கும்.

கரையில் அன்றைக்கு எல்லாம் கூடி வந்தது. மாவு உருண்டைக்குக் கெண்டை வந்தது. மைத்துனன் வேனில் மிச்சமிருந்த ரொட்டித் துண்டுக்கு ஜிலேபி வந்தது. மண்புழுவுக்குக் கெளுத்தி வந்து, மீசையை ஆட்டிக்கொண்டு வாளிக்குள் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் காவலர் நடந்து வந்து நூல் கட்டினார். அவர் பின்னால் அவருடைய நாயும் வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது திரும்பிப் போகச் சோம்பல்பட்டு, அங்கேயே வெயிலில் படுத்துவிட்டது.

"அடுத்து விரால்" என்று கையைத் தேய்த்துக்கொண்டு பல்லுக்காரர் பெட்டியைத் திறந்தார்.

உள்ளேயிருந்து பல்வரிசை அவரைப் பார்த்து இளித்தது.

மைத்துனன் எட்டிப் பார்த்தான். கரையில் சத்தம் போடக் கூடாது என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். "அத்தான், இதையே கட்டி எறிங்க. மீன் கடிக்கறதுக்கு முன்னாடி இது கடிச்சிடும்."

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன் வந்தது.

"ஏங்க, பெட்டிய அம்மா திறந்துட்டாங்க."

"ம்."

"உள்ள ரோஸ் கலர்ல ஒரு தவளை. வயித்துல ரெண்டு கொக்கி."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"ஸ்பூனால ரெண்டு தட்டு தட்டினாங்க."

"இதோ கிளம்பிட்டேன்" என்றார் பல்லுக்காரர். கிளம்பவும்தான் செய்தார். தூண்டிலைச் சுருட்டினார், வாளியைத் தூக்கினார். அதற்குள் மைத்துனன் ரொட்டி சுற்றி வந்த வெள்ளித் தாளைக் கசக்கி ஒரு கொக்கியில் கட்டி, விளையாட்டாகப் பல்லுக்காரர் கையில் கொடுத்தான். போகிற போக்கில் அவர் ஒரு வீச்சு வீசினார். பாசிக்குப் பக்கத்தில் விழுந்ததும் தண்ணீர் பிளந்தது. பெரிய விரால். நான்காவது நூல் ஏறிவிட்டது.

அதற்குமேல் அந்த மனிதரை எழுப்ப யாராலும் முடியவில்லை. விலாங்குக்கென்று கல் சுவர் இடுக்கில் மண்புழுக் கொத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா திட்டும் அத்தான்."

"பத்து நிமிஷம்டா. கூட்டம் சாயங்காலம்தானே."

பத்து நிமிஷம் பத்து நிமிஷமாகப் பொழுது ஏறியது. மனைவி மறுபடி கூப்பிட்டாள். இதோ என்றார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "நீங்க வர வேணாம். அம்மா கிளம்பிட்டாங்க. நாங்க பஸ்ஸுல ஏறிட்டோம்."

பல்லுக்காரர் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் வேனைப் பார்த்தான். ஓடிவிடலாமா என்ற எண்ணம் இருவருக்கும் ஒன்றாகத்தான் வந்தது. எங்கே ஓடுவது என்பதுதான் தெரியவில்லை.

அணையின் படிகளில் மாமியார் இறங்கி வந்த காட்சியைக் கரையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். கூட்டத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுப் புடவை. ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்திருந்தார், இன்னொரு கையால் வாயை மூடியிருந்தார். பின்னால் மகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் வந்தாள். மாமியார் நேராக மாப்பிள்ளை முன்னால் வந்து நின்று, வாயை மூடாத கையை நீட்டினார்.

பல்லுக்காரர் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் செட்டைக் கழுவிக் கொடுத்தார். சாத்திக்கொள்ள அங்கே அறையும் இல்லை, கதவும் இல்லை. மாமியார் கரையோரம் நின்ற வேனின் பக்கக் கண்ணாடிப் பக்கம் திரும்பி, மாட்டிக்கொண்டார். முகம் சட்டென்று நிறைந்து பழைய முகமாகிவிட்டது. மகள் "அம்மா, நல்லா இருக்கும்மா" என்றாள். மாமியார் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை சொன்னதைச் சொல்லிப் பார்த்தார்.

"வணக்கம், எக்ஸ்சேஞ்ச்."

நடுவில் விசில் அடித்தது. மெல்லியதுதான், ஆனால் கூர்மையானது. தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து நின்று, யார் கூப்பிட்டது என்று சுற்றிலும் பார்த்தது.

மாமியாரின் கை மறுபடி வாய்க்குப் போனது. "இதுதான்" என்றார் கைக்குள்ளேயே. "மூணு தடவையும் இதுதான். நான் எப்படிப் போய்ப் பேசறது?"

பல்லுக்காரருக்கு மூஞ்சியில் அடித்தது போல இருந்தது. வெள்ளையாக இருக்கிறது என்று நினைத்து நிறத்தை மாற்றியவர், நேராக இருக்கிறது என்று நினைத்துச் சாய்த்து நட்டவர், ஒரு தடவைகூட மாமியாரை இதைப் போட்டுக்கொண்டு பேசச் சொல்லிக் கேட்டதில்லை. மாமியாரை மட்டும் என்ன, இத்தனை வருஷத்தில் அவர் செய்த எந்தப் பல்லும் பேசி அவர் கேட்டதில்லை.

"அத்தை, கழட்டிக் குடுங்க" என்றார். "இங்கயே சரிபண்ணிடலாம்."

மிதவைகளைத் தேய்க்க வைத்திருந்த உப்புத்தாள் பையில் இருந்தது. அதில் புதிதாக ஒன்றைக் கிழித்தார். மாமியார் சந்தேகமாகப் பார்த்தார்.

"மீன் நாத்தம் அடிக்காதா மாப்பிள்ள?"

"புதுசு அத்தை. பிரிக்கவே இல்ல."

"உங்க கை?"

பல்லுக்காரர் போய், மைத்துனன் வேனிலிருந்து எடுத்துக் கொடுத்த சோப்பில் முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். முன்பல்லுக்குப் பின்னால் ஈறு கொஞ்சம் தடித்திருந்தது. நாக்குக்கும் அதற்கும் நடுவில் இடுக்கு குறைந்ததால் காற்று சீறிக்கொண்டு போகிறது என்று கணக்குப் போட்டார். மெதுவாக, நாலு இழுப்பு தேய்த்துக் கொடுத்தார்.

"சொல்லுங்க அத்தை."

"வணக்கம், எக்ஸ்சேஞ்ச்."

நாய் எழவில்லை. தலையை மட்டும் தூக்கியது.

"கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்றார் காவலர். இதற்குள் அவரும் வந்து நின்றுகொண்டிருந்தார். "முன்னாடி எழுந்தே நின்னுச்சு."

"உங்க நாய யாரு கேட்டா?" என்றாள் மனைவி. ஆனால் அவளும் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி கழற்றி, மறுபடி தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். எந்த இடம் என்று விரலுக்கு இப்போது தெரிந்தது. அந்த இடத்தை விட்டுவிட்டால் மறுபடி கிடைக்காது என்பதும் தெரிந்தது. அப்போதுதான் மைத்துனன் கிசுகிசுத்தான்.

"அத்தான். கம்பு."

கல் சுவரில் சாய்த்து வைத்திருந்த தூண்டில் கம்பு ஒரு தடவை தலையாட்டியது. பிறகு சாவகாசமாக, கனமாக வளைந்தது. அப்படி வளைப்பது விலாங்கு ஒன்றுதான். கரையில் எல்லோருக்கும் அது தெரியும். தூண்டில் போட்டவர்தான் தூக்க வேண்டும், வேறு யார் தூக்கினாலும் நூல் கிடையாது என்பதும் தெரியும்.

பல்லுக்காரர் பாதி எழுந்தார். ஒரு கையில் மாமியாரின் மேல்வரிசை, இன்னொரு கையில் உப்புத்தாள். மாமியார் கையால் வாயை மறைத்துக்கொண்டே, "போங்க மாப்பிள்ள. போய்ப் புடிங்க. நான் இங்கதானே இருக்கேன்" என்றார். பல் இல்லாத வாயில் அது குழந்தை பேசுவது போல வந்தது. சொல்லி முடித்ததும், அத்தனை பேர் முன்னால் அப்படி வந்துவிட்டதே என்று தலையைக் குனிந்துகொண்டார்.

பல்லுக்காரர் உட்கார்ந்துவிட்டார். விரலை அதே இடத்தில் வைத்தார்.

"அத்தான், போகுது."

"போகட்டும்டா."

கம்பு கல்லில் உரசிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது. மைத்துனன் பேண்ட்டை மடிக்காமல் இடுப்புவரை இறங்கிக் கம்பை மீட்டான். விலாங்கு புழுவையும் கொக்கியையும் எடுத்துக்கொண்டு தன் வழியே போயிருந்தது. பல்லுக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. உப்புத்தாளின் நுனியால் கடைசியாக இரண்டு இழுப்பு இழுத்து, ஊதி, கழுவி நீட்டினார்.

மாமியார் மாட்டிக்கொண்டார். இந்தத் தடவை கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தே சொன்னார்.

"வணக்கம், எக்ஸ்சேஞ்ச். யார் வேணும் உங்களுக்கு?"

நாய் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு காதுகூட அசையவில்லை.

கரை முழுக்கக் கேட்டது அந்தக் குரல். தூரத்தில் தூண்டில் போட்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு தன் பெயர், மகள் பெயர், ஒன்றிலிருந்து பத்து. அப்புறம் நிறுத்தவே இல்லை. இத்தனை மாதம் ஸ்பூனால் தட்டியதெல்லாம் வார்த்தையாக வந்தது. பெட்டியை மாற்றி எடுத்த கவனக்குறைவு, இரண்டு தடவை கூப்பிட்டும் வராத திமிர், சேறு, பஸ், அந்தத் தவளை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக, அழகான உச்சரிப்பில், ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் எடுத்துச் சொன்னார்.

பல்லுக்காரர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டு வாங்குகிற முகமாகவே இல்லை. "அத்தை, அந்தக் 'கவனக்குறைவு' இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். "அதுல ஏதாவது தடங்கல் இருக்கான்னு பாக்கறேன்."

"எந்தத் தடங்கலும் இல்ல" என்றார் மாமியார். "நல்லா இருக்கு மாப்பிள்ள." சொல்லிவிட்டு, எங்கே விட்டோம் என்று யோசித்து, அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

ஊருக்குத் திரும்பும்போது மாமியார் வேனின் முன் சீட்டில். பல்லுக்காரரும் மனைவியும் பின்னால், காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில், மீன் வாளியை முழங்காலால் அணைத்தபடி. முன்னாலிருந்து பேச்சு நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ஈரப் பேண்ட்டோடு வண்டி ஓட்டிய மைத்துனன் கண்ணாடி வழியாக அத்தானைப் பார்த்து, "நல்லா இருந்த வீட்ட உங்க கையாலயே இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று வாயசைத்தான்.

"பேசட்டுங்க" என்றாள் மனைவி மெதுவாக. அவள் கண் கலங்கியிருந்தது. கணவரின் சட்டையில் தொங்கிய நான்கு நூல்களை ஒரு தரம் இழுத்துவிட்டாள். "அந்த அஞ்சாவது பெருசாங்க?"

"பாக்கலையே."

"பொய்."

"கம்பு வளைஞ்சது பாத்தா பெருசுதான்" என்றார் பல்லுக்காரர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹால் வாசலில் மாமியாரும் மகளும் இறங்கி உள்ளே போனார்கள். சேற்றுக் காலோடும் மீன் வாடையோடும் உள்ளே போக முடியாது என்று பல்லுக்காரரும் மைத்துனனும் வேனிலேயே இருந்தார்கள். ஜன்னல் வழியாக மைக்கில் மாமியார் குரல் கேட்டது. சிரிப்புச் சத்தம் வந்தது, கைதட்டல் வந்தது, மறுபடி குரல் வந்தது. கொடுத்த நேரத்தைத் தாண்டிப் பேசினார் என்பது நிச்சயம். மைத்துனன் தூங்கியே போனான்.

பேச்சு முடிந்ததும் மாமியார் வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள், எல்லோரும் அவர் வயதுக்காரர்கள், வேனுக்குள் எட்டிப் பார்த்தார்கள். சிலர் வாயை விரலால் மறைத்திருந்தார்கள்.

"மாப்பிள்ள" என்றார் மாமியார், தெரு முழுக்கக் கேட்கும் குரலில். "கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு உள்ள வாங்க. இங்க மூணு பேருக்கு விசில் அடிக்குது."